ஐந்து பூனை வீட்டில் ஒரு நோயாளி: 42 இன்ச் மடக்குக் கூண்டு, 16 நாள் அனுபவம்

வீட்டில் ஐந்து பூனைகள். இருப்பது ஒரு ஹால், ஒரு அறை, சமையல்கட்டு, அவ்வளவுதான். ஒன்றுக்கு உடம்பு சரியில்லை என்றால் தனியாக வைக்க இடம் கிடையாது என்பதால் இந்தக் கம்பிக் கூண்டை வாங்கினேன். நாய்களுக்கென்று விற்கிற அதே மடக்குக் கூண்டுதான். 16 நாள் இராப்பகலாகப் பயன்படுத்திவிட்டு எழுதுகிறேன்.

நோயாளியான செவலைக்கு ஆறு வயது. முதல் நாள் தும்மல், மறுநாள் இடது கண்ணில் பீளை. சாப்பிடுகிறானா என்று பார்த்தால் கிண்ணம் காலியாக இருந்தது, சரி, சாப்பிட்டுவிட்டான் என்று விட்டுவிட்டேன். ஐந்து பூனை இருக்கும் வீட்டில் காலிக் கிண்ணத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்பது மூன்றாம் நாள் அவனை மடியில் போட்டு முதுகைத் தடவி, முள்ளெலும்பு விரலில் தட்டியபோதுதான் உறைத்தது. அவன் பங்கையும் புள்ளி தின்றிருக்கிறாள். டாக்டரிடம் எடை போட்டால் 3.1 கிலோ, போன முறை 3.6 இருந்தவன். காய்ச்சல் 104, நாக்கு ஓரத்தில் சின்னப் புண். ஹெர்பிஸ் அல்லது கேலிசி, பூனைச் சளிக்குப் பெரும்பாலும் இந்த இரண்டு வைரஸில் ஒன்றுதான் காரணம் என்றார். பூனை இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடும், அது சளியைவிடப் பெரிய ஆபத்து என்றும் சொன்னார். "மத்ததுகள விட்டுப் பிரிச்சு வைங்க. என்ன சாப்பிடுது, எத்தனை தடவை மூத்திரம் போகுதுன்னு தினமும் எனக்குச் சொல்லணும்."

தொற்றுக்காகப் பிரித்து வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்தக் கூண்டுக்கு நான் கொடுத்த பணம் அந்த இரண்டாவது வாக்கியத்துக்குத்தான் தகும். உள்ளே இருக்கும் கிண்ணமும் அவனுடையது, மலம், மூத்திரம் போகிற மண் தட்டும் அவனுடையது. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி வைத்தேன்: காலை 7 மணி, வேகவைத்த சாளை இரண்டு ஸ்பூன். 11 மணி, முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். மூத்திரக் கட்டி (மூத்திரம் பட்டு மண் உருண்டது) ஒன்று. ஐந்தாம் நாள் காலையிலிருந்து இரவு வரை தட்டில் ஒரு கட்டி கூட இல்லை. உடனே போன் செய்தேன், போய்த் தோலுக்கடியில் 100 மில்லி சலைன் ஏற்றிக்கொண்டு வந்தோம். எல்லோருக்கும் பொதுவான தட்டாக இருந்திருந்தால் அந்த வெறும் தட்டு என் கண்ணில் பட்டே இருக்காது.

அளவைப் பற்றி முக்கியமாகச் சொல்ல வேண்டும். முதலில் 36 இன்ச் வாங்கினேன். மண் தட்டு வைத்ததும் பாதி இடம் போய்விட்டது, கிண்ணம் தட்டை ஒட்டி நின்றது. ஏற்கெனவே மூக்கடைத்துச் சாப்பிடாத பூனை, மூத்திர வாடைக்குப் பக்கத்தில் வைத்தால் எப்படித் தின்னும்? திருப்பிக் கொடுத்து 42 இன்ச் வாங்கினேன், 4,200 ரூபாய். ஒரு கோடியில் தட்டு, மறுகோடியில் சாப்பாடு, நடுவில் படுக்கை. முன்னால் ஒரு கதவு, பக்கவாட்டில் ஒரு கதவு என்று இரண்டு இருப்பதையே வாங்குங்கள். ஒன்றில் சாப்பாடு, இன்னொன்றில் தட்டு, நடுவில் படுத்திருப்பவனை அசைக்கவே வேண்டாம்.

குறைகளும் இருக்கின்றன. கம்பி இடைவெளி ஓர் இன்ச்சுக்கு மேல். முதல் நாளே இன்னொரு பூனை, சின்னவன், வெளியிலிருந்து கையை விட்டுக் கோழித்துண்டை இழுத்துவிட்டான். அப்புறம் கீழ்ப்பாதியைச் சுற்றி அட்டை வைத்துக் கட்டினேன். அடித்தட்டு மெல்லிய பிளாஸ்டிக், கழுவும்போது தண்ணீர் விளிம்பு வழியே தரைக்கு இறங்குகிறது, அடியில் செய்தித்தாள் போட்டே ஆக வேண்டும். எனக்கு வந்ததில் ஒரு மூலை உடைந்திருந்தது, மாற்றித் தர ஒன்பது நாள் ஆக்கினார்கள், நோயாளியை வைத்துக்கொண்டு ஒன்பது நாள்! தாழ்ப்பாள் திறக்கும் கிணுங் சத்தத்துக்குச் செவலை ஒவ்வொரு முறையும் ஒடுங்கினான், துணி சுற்றிய பிறகு சரியானது.

மூன்று பக்கமும் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையைப் போட்டு மூடினேன். தும்மினால் துளி நாலைந்து அடி தூரம் போகுமாம், அதற்கும் தடுப்பு, அவனுக்கும் ஒளிந்துகொள்ள இடம். மற்ற கிண்ணங்களை ஹாலின் எதிர்க்கோடிக்கு மாற்றினேன். நால்வருக்கும் முதலில் சாப்பாடு, கடைசியில்தான் அவனுக்கு, அப்புறம் சோப்புப் போட்டுக் கைகழுவல், சட்டை மாற்றல்.

கூண்டைக் கழுவ டெட்டால், பினாயில் இரண்டும் வேண்டாம், பூனைக்கு அவை விஷம். முதலில் சோப்புத் தண்ணீர், அப்புறம் லிட்டருக்கு 30 மில்லி பிளீச், பத்து நிமிடம் ஊறவிட்டு நன்றாக அலசி வெயிலில் காயவைப்பது. கேலிசி வைரஸ் சாதாரண கிருமிநாசினிக்கெல்லாம் சாகாது. பக்கத்து வீட்டு அக்கா பாசத்தோடு பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கச் சொன்னார், தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள், பூனை செத்துப்போகும்.

மருந்தைக் கூண்டுக்குள் வைத்துக் கொடுக்காதீர்கள். துண்டில் சுற்றி வெளியே எடுத்து, மேசையில் வைத்து டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்து, உடனே ஊசியில்லாத சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீர் புகட்டுவேன், மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டினால் அங்கே புண்ணாகிவிடும். கூண்டுக்குள் கெட்டது எதுவும் நடக்காது என்று அவன் நம்ப வேண்டும். ஏழாம் நாள் சாளையைக் கைச்சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி மூக்கருகே நீட்டினேன். வாடை ஏறியிருக்க வேண்டும், என் விரலோடு சேர்த்து நக்கினான். சொரசொரவென்ற அந்த நாக்கு பட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

16ஆம் நாள் டாக்டர் சொல்லித்தான் கதவைத் திறந்தேன். கருவாச்சி ஒரு சீறல் சீறினாள், அதோடு சரி. எல்லோருக்கும் நடுவிலேயே அவன் இருந்ததால் யாருக்கும் அந்நியமாகிவிடவில்லை என்று நினைக்கிறேன். இப்போது 3.4 கிலோ.

எல்லா நோய்க்கும் இது போதாது. குட்டிகளுக்கு வரும் பான்லூகோபீனியா என்ற கடும் வைரஸ் நோய் என்றால் தனி அறையே வேண்டும், அந்த வைரஸ் வீட்டுக்குள் ஒரு வருடம் வரை கிடக்கும். ஆண் பூனை மண் தட்டில் முக்கி முக்கி மூத்திரம் வராமல் தவித்தால் கூண்டைத் தேடாதீர்கள், அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன், அடித்தட்டுக்காக ஒன்று குறைத்தேன். என்னுடையது இப்போது மடக்கி பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது. மதுரைக்குள் யாருக்காவது அவசரமாகத் தேவைப்பட்டால் கேளுங்கள், பிளீச் போட்டுக் கழுவித் தருகிறேன்.