500, 200, 50 ஹெர்ட்ஸ்: இடி முழங்கும் ஊரில் கையடக்க மோர்ஸ் கருவிகளின் வடிகட்டிகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிற்பகல் நான்கு மணிக்கு மேல் வானம் கறுக்கும் நாள்களில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய திடலில் ஏரியல் கம்பி கட்டி அமர்ந்திருக்கும் அமெச்சூர் வானொலிக்காரர் 7 மெகாஹெர்ட்ஸில் முதலில் கேட்பது மின்னலின் சடசடப்பைத்தான். நிலையங்களின் ஒலி அதற்குப் பின்னால்தான் தேடி எடுக்கப்பட வேண்டும். மின்னல் அருகில் வெட்டினால் கம்பியை இறக்கிவிட்டு ஒட்டுக்கடைக்குப் போய்விடுவதே அறிவுடைமை. ஆனால் அது 200 கிலோமீட்டருக்கு அப்பால் வெட்டினாலும் சடசடப்பு வந்து சேர்ந்துவிடுகிறது. மோர்ஸ் குறிகளை அனுப்பவும் கேட்கவும் உதவும் சிறிய கருவிகளை வாங்க நினைப்பவர்கள், வேண்டிய நிலையத்தைச் சுற்றியுள்ள அதிர்வெண்களை மட்டும் உள்ளே விடும் வடிகட்டியின் அகலத்தை மட்டும் பார்த்து, குறுகியது எதுவோ அதுவே சிறந்தது என்று முடிவு கட்டுவதை அடிக்கடி காண்கிறேன். நம் ஊர் வானத்துக்கு அந்தக் கணக்கு முழுமையாகப் பொருந்தவில்லை.

ஒப்பிடுவதற்கு நான் நம்புவது 14.100 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் பன்னாட்டு வழிகாட்டி நிலையங்களை. உலகெங்கும் 18 இடங்களில் உள்ள அவை மூன்று நிமிடச் சுற்றில் ஒன்றன்பின் ஒன்றாகப் பத்து விநாடி மட்டும் ஒலிக்கும்; தம் அழைப்புக்குறியை நிமிடத்துக்கு 22 சொல் வேகத்தில் அனுப்பிய பின், 100 வாட், 10 வாட், 1 வாட், 0.1 வாட் என்று நான்கு நீண்ட கோடுகளைப் படிப்படியாகக் குறைத்து அனுப்பும். ஒவ்வொரு படியும் 10 டெசிபல் இறக்கம். இலங்கையின் 4எஸ்7பி ஒலிக்கும் நேரத்தில் எத்தனையாவது கோடு வரை காதுக்கு எட்டுகிறது என்று குறித்துக்கொண்டால், இரண்டு கருவிகளை ஒரே ஏரியலில் மாற்றி மாற்றி இணைத்து நேர்மையாக ஒப்பிடலாம்.

இந்த அளவுகோலுக்கும் வடிகட்டிக்கும் ஓர் அழகான தொடர்பு உண்டு. பட்டையின் அகலத்தை 500 ஹெர்ட்ஸிலிருந்து 50 ஹெர்ட்ஸாகச் சுருக்கினால் இரைச்சலின் ஆற்றலும் பத்தில் ஒன்றாக, அதாவது 10 டெசிபல் குறைகிறது. ஏட்டுக் கணக்கின்படி இன்னும் ஒரு கோடு கூடுதலாகக் கேட்க வேண்டும். நடைமுறையில் அந்தக் கூடுதல் கோடு முழுதாகக் கிடைப்பதில்லை, ஏனெனில் பழகிய காதும் மூளையும் சேர்ந்து ஒரே சுருதியில் ஒலிக்கும் குறியைச் சுற்றி ஏற்கெனவே தாமாகவே ஒரு குறுகிய வடிகட்டியைப் போட்டுக்கொண்டிருக்கின்றன. கருவி செய்யும் வேலையில் ஒரு பகுதி, காது முன்பே செய்து முடித்த வேலை.

இனி கருவிகளுக்கு வருவோம். முதலாவது, மலையேறுவோர் விரும்பும் எம்டிஆர்3பி. 40, 30, 20 மீட்டர் (7, 10, 14 மெகாஹெர்ட்ஸ்) அலைவரிசைகளுக்கான இச்சிறு பெட்டியில் குவார்ட்ஸ் படிகங்களாலான, ஏறத்தாழ 500 ஹெர்ட்ஸ் அகலமுள்ள வடிகட்டி உள்ளது. கேட்கும்போது சில பத்து மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தில் இயங்குவதால் சிறு பேட்டரி ஒரு முழு நாள் தாங்கும். இதன் பலவீனம் வடிகட்டிக்கு முன்னால் இருக்கிறது. உள்ளே வரும் அலையை வேறு அதிர்வெண்ணுக்கு மாற்றும் சிறிய மிக்சர் சில்லின் வழியாகத்தான் எல்லா அலைகளும் படிகத்தை அடைகின்றன, மாலையில் 7.2 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் நம் பகுதியில் பெருங்குரலெடுக்கும் ஒலிபரப்பு நிலையங்கள் மிக்சரைத் திணறடித்துவிட்டால், அங்கே கலந்துவிட்ட அழுக்கைப் பின்னால் வரும் எந்தப் படிகமும் பிரித்தெடுக்க முடியாது. ஏரியலை நேரடியாக இணைக்காமல் ஒரு சிறு தணிப்பானை நடுவில் வைத்துப் பார்த்தால் இது உடனே விளங்கும்: சிக்னல் சற்றே மங்கும், பின்னணிக் குழப்பமோ பெரும்பாலும் மறைந்துவிடும்.

இரண்டாவது கியூசிஎக்ஸ்-மினி. 2017இல் வந்த கியூசிஎக்ஸ் கிட்டின் சிறு வடிவமான இது ஓர் அலைவரிசைக்கு மட்டும் நாமே சாலிடர் செய்து கட்டுவது. இதில் படிகம் கிடையாது. அலை நேரடியாக ஒலி அதிர்வெண்ணாக மாற்றப்பட்டு, தேவையற்ற பக்கத்து அலைகள் கட்ட (ஃபேஸ்) வேறுபாட்டால் கழிக்கப்பட்டு, பின்னர் 200 ஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒலி வடிகட்டியைக் கடக்கிறது. இதன் மாதிரியெடுக்கும் மிக்சர் வலுவான சிக்னல்களை எம்டிஆரின் சில்லைவிட நன்றாகத் தாங்குகிறது. எதிர்ப்பக்கத்தை 50 டெசிபல் அளவுக்கு அடக்க முடியும் என்றாலும், அது கட்டுபவரின் பொறுமையையும் சீரமைப்பையும் பொறுத்தது. அவசரமாகச் சீரமைத்த கருவியில் பலமான நிலையமொன்று, சுருதி பூச்சியமாகும் சுழிப்புள்ளியின் மறுபுறத்திலும் பேயாகத் தலைகாட்டும். அந்த 200 ஹெர்ட்ஸை அகலப்படுத்தவும் வழியில்லை. அலைவரிசையை உலாவித் தேடுவது, தாமானின் (குடியிருப்புப் பகுதியின்) ஒழுங்கையை வேலி ஓட்டை வழியாகப் பார்ப்பதைப் போன்றது: நேரே வருபவர் துல்லியமாகத் தெரிவார், பக்கத்து வீட்டார் தெரியமாட்டார். தானாக ஒலியைச் சரிசெய்யும் ஏஜிசி அடிப்படைக் கருவியில் இல்லை என்பதைக் குறையாகவே பலரும் சொல்வர். இடிமழை நாளில் அது பாதிக் குறைதான், மீதி வரம். ஒவ்வொரு மின்னலும் காதில் அறையும், ஆனால் அதன் பின் வரும் மெல்லிய எழுத்து அமுங்கிப் போகாது.

யேசு (Yaesu) நிறுவனத்தின் எஃப்டி-817ஐப் பழையது என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. கருவியோடு வரும் வடிகட்டி 2.2 கிலோஹெர்ட்ஸ் அகலம் கொண்டது. பேச்சுக்கு அது போதும், மோர்ஸுக்கோ ஒரே நேரத்தில் நாலைந்து பேர் சேர்ந்து தட்டுவதைக் கேட்பது போல இருக்கும். தனியாக வாங்கிப் பொருத்தும் காலின்ஸ் இயந்திர வடிகட்டிதான் இதன் சிறப்பு. மின் அதிர்வை உலோகத்தின் அதிர்வாக மாற்றி, 455 கிலோஹெர்ட்ஸில் அதிரும் துண்டுகள் வழியாகக் கடத்தி, மறுபடி மின் அதிர்வாக்கும் பொருள் அது. இதன் அளவு 6 டெசிபல் இறக்கத்தில் 500 ஹெர்ட்ஸ், 60 டெசிபல் இறக்கத்தில் 2 கிலோஹெர்ட்ஸ். விற்பனைத் தாளில் எழுதும் எண் முதலாவது. சுவர் எவ்வளவு செங்குத்தாக எழுகிறது என்பதைச் சொல்வது இரண்டாவது. 700 ஹெர்ட்ஸ் தள்ளி ஒரு பலமான நிலையம் இருந்தால் நமக்கு உதவுவது அந்த இரண்டாவது எண்ணே. இந்த வடிகட்டி ஏஜிசிக்கு முன்னால் இருப்பதால், பக்கத்து நிலையம் நம் நிலையத்தின் ஒலியை அமுக்கி எழுப்பும் தொல்லை பெருமளவு நீங்குகிறது. ஆனால் கேட்கும்போதே சில நூறு மில்லி ஆம்பியர் தின்னும்; கைமாறி வரும் கருவிகளில் இந்த வடிகட்டி பெரும்பாலும் இருப்பதில்லை.

எலெக்ராஃப்ட் கேஎக்ஸ்2 வேறு தலைமுறை. 2016இல் வந்த இதில் வடிகட்டுதல் முழுவதும் கணக்கு. திருகியைத் திருப்பினால் அகலம் 50 ஹெர்ட்ஸ் வரை சுருங்குகிறது, எண்முறை வடிகட்டியின் சுவரும் படிகத்தைவிடச் செங்குத்தானது. போட்டி நாள்களில், 14 மெகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதியில் நிலையங்கள் நூறு இருநூறு ஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருக்கியடிக்கும்போது, மற்ற மூன்றும் இதற்கு அருகில் வர முடியாது. தெளிவான வானத்தில் வழிகாட்டி நிலையத்தின் கடைசிக் கோட்டின் தடயத்தைப் பிடிக்கவும் இதுவே உதவும்.

இடி தொடங்கினால் நிலைமை மாறுகிறது. எந்த வடிகட்டியும் தன் அகலத்துக்கு எதிர்விகிதமான நேரம் ரீங்கரிக்கும்: 500 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 2 மில்லி விநாடி, 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 மில்லி விநாடி. நிமிடத்துக்கு 22 சொல் வேகத்தில் ஒரு புள்ளியின் நீளம் 55 மில்லி விநாடிக்குச் சற்றே குறைவு. மின்னலின் ஒரு வெட்டு மிகக் குறுகியதுதான் என்றாலும், குறுகிய வடிகட்டியைக் கடந்து வெளியே வரும்போது அது நாம் கேட்டுக்கொண்டிருக்கும் அதே சுருதியில் நீண்ட ஒலியாகிவிடுகிறது. ஒரு மின்னலில் அடுத்தடுத்து நிகழும் வெட்டுகள் புள்ளிகளைப் போலவே வரிசையாக வந்து விழும்போது, மூன்று புள்ளிகளாலான ‘எஸ்’ எது, மின்னல் எது என்று பிரித்தறிய முடியாமல் நான் ஏமாந்திருக்கிறேன். 500 ஹெர்ட்ஸில் அதே மின்னல் கரகரப்பாகவே கேட்கும். சுருதியற்ற அந்த ஒலியைக் காது எளிதில் தள்ளி வைத்துவிடும். மின்வேலி எழுப்பும் சீரான துடிப்புகளுக்கு உதவும், துடிப்பு வரும் கணம் மட்டும் ஒலியை அடைக்கும் நாய்ஸ் பிளாங்கர் கூட, நீண்டு உருளும் இடிச் சடசடப்பில் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை.

ஆகவே கேஎக்ஸ்2 வைத்திருப்பவர் மாலை 7 மெகாஹெர்ட்ஸில் வடிகட்டியை 400 அல்லது 500 ஹெர்ட்ஸுக்கு விரித்து, ஆர்எஃப் கெயினை (உள்ளே வரும் அலையின் பெருக்கத்தை) குறைத்து, ஒலியைக் கூட்டி வைத்துக்கொள்வதே நல்லது. அப்படிச் செய்தால் அது ஏறத்தாழ நல்ல மிக்சர் கொண்ட எம்டிஆராக நடந்துகொள்கிறது. ஐகாம் ஐசி-705க்கும் இதே அறிவுரை பொருந்தும்; ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள அதைத் தோட்டத்துச் சடக்கில் மோட்டாரில் கொண்டுபோவேனே தவிர, மலையேறும்போது சுமக்கமாட்டேன்.

வாங்குபவருக்கு என் தெரிவு இதுதான். ஒரே கருவிக்குத்தான் பணம் என்றால் கேஎக்ஸ்2, அகலத்தை விரிக்க முடியும் என்ற ஒரே காரணத்துக்காக. கட்டும் ஆசையும் குறைந்த செலவும் முக்கியமென்றால் கியூசிஎக்ஸ்-மினி, ஆனால் 40 மீட்டருக்கு அன்று, சடசடப்பு குறைவான 20 மீட்டருக்கு. எஃப்டி-817 கிடைத்தால் மூடியைத் திறந்து, வடிகட்டிக்கான இடம் காலியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே விலை பேசலாம்.