தனி லெட்டரா, ஹேண்ட்புக்கா, யூனியன் அக்ரிமெண்டா: யூனிவர்சிட்டி வேலைக்கு எது தாங்கும்?

மலேசியாவுல நீலாய் சுத்துவட்டாரம் பூரா ஒரு காலத்துல ரப்பர் தோட்டம், அப்புறம் செம்பனை, இப்ப காலேஜும் யூனிவர்சிட்டியும். தோட்டத்துப் பிள்ளைங்க நிறைய பேரு அங்கதான் லெக்சரர், லேப் டெக்னீஷியன், ரெஜிஸ்ட்ரி கிளார்க்னு இருக்காங்க. கான்ட்ராக்ட் முடியுற நேரம் வந்தா எல்லாரும் கேக்கறது, எச்ஆர்கிட்ட தனியா பேசறதா, ஸ்டாஃப் கமிட்டி வழியா போறதா, இல்ல யூனியன் கட்டறதான்னுதான்.

அரசாங்க யூனிவர்சிட்டி ஆளுங்கள இதுல சேக்கல. 1967 தொழில் உறவுச் சட்டத்துல கூட்டுப் பேரம், அதாவது யூனியனும் முதலாளியும் பேசி ஒப்பந்தம் போடறது பத்தின பகுதி அவங்களுக்குச் செல்லாது, சம்பளம் ஜேபிஏ (பொதுச் சேவைத் துறை) சர்க்குலர்படி, 2024 டிசம்பர்ல எஸ்எஸ்பிஏ-ங்கற புதுச் சம்பள முறை வந்த மாதிரி வரும். நான் சொல்றது தனியார் யூனிவர்சிட்டிக்கு.

தனியா பேசறது சீக்கிரம் முடியும், ஆள் கிடைக்காத துறையில சீனியர் லெக்சரரா இருந்தா நல்லாவே படியும், ஆனா அதே கட்டடத்துல இருக்கற லேப் டெக்னீஷியன் போய் கேட்டா "பாக்கலாம்"னு அனுப்பிடுவாங்க. சட்டம் ஒரு அடிமட்டம் போட்டிருக்கு: 2023 ஜனவரி 1-லேருந்து சாதாரண வேலை நேரம் வாரத்துக்கு 45 மணி நேரத்துக்கு மேல போகக்கூடாது, பிரசவ லீவு 98 நாள், அப்பாவுக்கு 7 நாள், வேலை நியமன லெட்டர்ல இதுக்குக் கீழ எழுதினா அது செல்லாது. ஆனா மாசம் 4,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல சம்பளம் வாங்குறவங்களுக்கு ஓவர்டைம் சட்டத்துல கிடையாது, அதனால சனிக்கிழமை ஓபன் டே டூட்டி, ராத்திரி உக்காந்து பேப்பர் திருத்தறது எல்லாத்துக்கும் லெட்டர்ல இருந்தாத்தான் காசு. அடிக்கடி நீட்டிக்கிற கான்ட்ராக்ட் விஷயத்துல, பேருக்குத்தான் கான்ட்ராக்ட், உண்மையில நிரந்தர வேலைன்னா நிரந்தரமாவே எடுத்துக்கலாம்னு 2020-ல ஃபெடரல் கோர்ட் சொல்லியிருக்கு. நல்ல தீர்ப்புதான், ஆனா அதக் கேக்க வேலை போன 60 நாளுக்குள்ள புகார் கொடுத்து வழக்குக்கு அலையணும், வீட்டுக் கடன் கட்டிக்கிட்டு இருக்கற ஒருத்தரால எவ்வளவு தாங்க முடியும்?

ஸ்டாஃப் கமிட்டியும் ஹேண்ட்புக்கும் பாக்க அழகா இருக்கும். பார்க்கிங், கிளாஸ் டைம்டேபிள், சர்ஜரி முடிஞ்சவங்களுக்கு வீட்டுலேருந்து வேலை, இதெல்லாம் அங்க பேசி முடிக்கலாம். ஆனா உங்க ஹேண்ட்புக்க எடுத்து கடைசிப் பக்கம் பாருங்க, "நிர்வாகம் இதை அவ்வப்போது திருத்தலாம்"னு ஒரு வரி இருக்கும். அந்த வரி இருக்கற வரைக்கும் கமிட்டில பேசி வாங்கினது எதையும் அடுத்த வருஷம் அவங்களாவே மாத்திடலாம், நாம சண்டை போட்டுத்தான் காப்பாத்தணும்.

யூனியன் வழிதான் நீளம், ஆனா நான் நிக்கறது அதுலதான். எங்கப்பா லாபு பக்கம் பால் மரம் வெட்டுனவரு, தோட்டத் தொழிலாளர் சங்கமும் முதலாளிமாரோட சங்கமான மாப்பாவும் போட்ட அக்ரிமெண்ட் புத்தகத்த பிளாஸ்டிக்ல சுத்தி அலமாரில வெச்சிருந்தாரு. சம்பளக் கணக்குல இடிச்சா கிராணி (தோட்டத்துக் கிளார்க்) முன்னால அந்தப் பக்கத்த விரிச்சு விரல வெச்சுக் காட்டுவாரு, கிராணியும் மறுபடி கூட்டிப் பாப்பாரு. அந்தச் சம்பளம் கூடுதலா இருந்துச்சுன்னு நான் சொல்லமாட்டேன், குறைவுதான், ஆனா அவர் கையில இருந்தத முதலாளி தனியா மாத்த முடியாது. டிகிரி முடிச்ச நமக்கு அது இல்ல, அதான் எனக்கு வலிக்குது.

சட்டமும் அப்படித்தான். ஏழு பேர் இருந்தா யூனியன் பதியலாம். யூனிவர்சிட்டிகிட்ட அங்கீகாரம் கேட்டா 21 நாளுக்குள்ள பதில் வரணும், மறுத்தா தொழில் உறவு இலாகாவுக்குப் போகும், தேவைப்பட்டா ரகசிய வாக்கெடுப்பு நடக்கும். அங்கீகாரம் கிடைச்சு பேச்சுக்கு எழுத்துல கூப்பிட்டா 14 நாளுல பதில், அடுத்த 30 நாளுல பேச்சு ஆரம்பிக்கணும். கையெழுத்தான கூட்டு ஒப்பந்தம் குறைஞ்சது மூணு வருஷம் ஓடும், தொழில் நீதிமன்றம் ஏத்துக்கிட்டா அது கட்டுப்படுத்தும், யூனியன்ல சேராதவங்களுக்கும், நாளைக்கு வேலைக்கு வர்றவங்களுக்கும் சேத்து. மீறினா நேரா அங்கயே போகலாம். ஆஸ்திரேலியாவுல யூனிவர்சிட்டி ஒப்பந்தத்துக்கு ஸ்டாஃப் எல்லாரும் ஓட்டுப் போட்டு ஃபேர் வொர்க் கமிஷன் ஒப்புதல் தரும். இங்க கையெழுத்து யூனியனோடது, அதனால உறுப்பினர்கள் டிராஃப்ட படிச்சுப் பாத்துப் பேசாம விடக்கூடாது.

குறையும் இருக்கு. புரோமோஷன், டிரான்ஸ்ஃபர், ஆள் எடுக்கறது, யாருக்கு எந்த வேலைன்னு பிரிக்கறது நிர்வாகத்தோட உரிமை, பொதுவா கேள்வி எழுப்பலாம், மத்தபடி கோரிக்கையில போட முடியாது. டீன், எச்ஆர் மாதிரி நிர்வாகப் பொறுப்புல இருக்கறவங்கள நம்ம யூனியன் பிரதிநிதிக்க முடியாது, எந்த லெக்சரர் அந்த வகைன்னே இழுபறி வரும். மொத்தத்துல ஒரு வருஷத்துக்கு மேல போனாலும் ஆச்சரியமில்ல.

அதனால உங்க கான்ட்ராக்ட் ரினியூ அடுத்த மாசம்னா, இப்ப லெட்டர்ல சனிக்கிழமை டூட்டிக்கு மாத்து லீவ மட்டுமாவது எழுதி வாங்கிடுங்க, கூடவே யூனியன் ஃபாரத்துலயும் கையெழுத்துப் போடுங்க. கோரிக்கையில முதல்ல ரெண்டு வைக்கணும்: ரினியூ உண்டா இல்லையான்னு மூணு மாசம் முன்னாடி எழுத்துல சொல்லணும், குறிச்ச மணி நேரத்துக்கு மேல எடுக்கற கிளாஸுக்கும் பேப்பர் திருத்தறதுக்கும் தனி ரேட் வேணும். அதுக்கு இந்த செமஸ்டர்லேருந்தே எத்தனை ஸ்கிரிப்ட், எத்தனை ராத்திரின்னு ஆளாளுக்கு எழுதி வெச்சு யூனியன் செயலாளர்கிட்ட கொடுங்க.