1/20 ரேஸ் காருக்கு வேலூர்க் கடைச் சரக்கு: எது தேறும், எது தேறாது

எழுபதுகளின் எஃப்-ஒன் காரை பிளாஸ்டிக் மாடல் கிட்டிலிருந்து 1/20 அளவில் (நிஜக் காரில் இருபதில் ஒரு பங்கு) கட்டும்போது கண் முதலில் போய் நிற்பது இன்ஜினில்தான். காஸ்வொர்த் டிஎஃப்வி என்ற இன்ஜின், 2,993 சிசி, வி8 (V வடிவில் எட்டு சிலிண்டர்); பல கார்களில் பின்னால் மூடியே இல்லாமல் நிற்கும். வயரும் ஹோஸும் இல்லாவிட்டால் மொட்டையாகத் தெரியும். இதற்கென்று வெளிநாட்டு டீடெயில் செட் வரவழைக்கத் தேவையில்லை. முக்கால்வாசிச் சரக்கு வேலூரிலேயே கிடைக்கிறது.

முதல் இடம், சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள மெடிக்கல் கடைகளுக்கு. சிரிஞ்ச் ஊசியைப் போலத் துல்லியமான ஸ்டீல் குழாய் சில ரூபாய்க்கு வேறெங்கும் கிடைக்காது. நிறத்தைச் சொல்லிக் கேளுங்கள்: பிங்க் 18 கேஜ் (தடிமன் எண்; எண் கூடினால் ஊசி மெலியும்), வெளி விட்டம் 1.27 மி.மீ; பச்சை 21, 0.82; நீலம் 23, 0.64; பழுப்பு 26, 0.46. பிங்க் ஊசியின் உள்துளை 0.84 என்பதால் பச்சை ஊசி அதற்குள் கச்சிதமாக வழுக்கிப் போகும். ஹோஸ் முனையில் வரும் இணைப்புக்கு இந்த ஜோடியே போதும். கட்டிங் பிளையரால் மட்டும் நறுக்காதீர்கள், வாய் நசுங்கி அடைத்துக்கொள்ளும். உள்ளே ஒரு கம்பியைச் செருகி, கட்டிங் டிஸ்க்கால் சுற்றிக் கோடு போட்டு ஒடியுங்கள். கூர்முனையை முதலில் வெட்டி மூடியுள்ள பாட்டிலில் போட்டுவிடுவது நல்லது.

பழுப்பு ஊசிக்கு இன்னொரு வேலை உண்டு. முனையைத் தட்டையாகத் தேய்த்து பிளாஸ்டிக்கில் மெல்ல அழுத்தினால் ரிவெட் தலை போல ஒரு வளையம் பதியும். நிஜ அளவில் அது சுமார் 9 மி.மீ.

அடுத்தது மோட்டார் காயில் கட்டும் கடை. 28 கேஜ் எனாமல் செம்புக் கம்பி ஒரு மீட்டர் கேளுங்கள். துண்டுக் கம்பி என்றால் பெரும்பாலும் காசுகூட வாங்கமாட்டார்கள். செம்பு மட்டும் 0.376 மி.மீ, எனாமலோடு 0.4-ஐத் தாண்டும். 20 மடங்கில் 8 மி.மீ பிளக் வயருக்குச் சரியான கணக்கு. பலரும் சறுக்கும் இடமும் இதுதான்: நீல ஊசியின் உள்துளை 0.34 தான், அதற்குள் இந்தக் கம்பி நுழையாது. பிளக் தொப்பிக்குப் பச்சை ஊசியில் 2 மி.மீ துண்டுகள் 8 வெட்டிக்கொள்ளுங்கள். கேம் கவரின் (இன்ஜின் மேல்மூடி) நடுவே, வயர் இறங்க 0.5 மி.மீ துளை போடுங்கள். நகை ஆசாரிகளுக்குச் சாமான் விற்கும் கடையில் கைத்துரப்பணமும் (கையால் சுழற்றும் டிரில்) பிட்டும் வாங்கலாம். சர்க்யூட் போர்டுக்கான கார்பைடு பிட் கையில் பிடித்தால் பட்டென்று முறியும், எச்எஸ்எஸ் (ஹை-ஸ்பீடு ஸ்டீல்) பிட் கேளுங்கள். வி பள்ளத்திலுள்ள டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் பாகம்) பக்கத்துக்கு 4 வயர். எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் வெட்டினால் கிட்டத்து வயர் வளையம் போட்டு நிற்கும், ஒவ்வொன்றாக அளந்து வெட்டவும்.

சீட் பெல்ட்டுக்கு மெடிக்கல் பேப்பர் டேப். 75 மி.மீ பெல்ட் என்றால் 3.75 மி.மீ அகலம். அதன் பசை வெயிலில் விட்டுவிடும், அடியில் கொஞ்சம் வெள்ளைக் கோந்து தடவுங்கள். பக்கிளுக்குக் கூல்டிரிங்ஸ் டின் தகடு, சுமார் 0.1 மி.மீ, நிஜத்தில் 2 மி.மீ. விங்கின் இரு ஓரத்தில் நிற்கும் எண்ட் பிளேட்டுக்கும் அதுவே நன்றாக வருகிறது.

தேறாதவை: ஆம்பூர்ப் பக்கம் கிடைக்கும் துண்டுத் தோல். எவ்வளவு சீவினாலும் அரை மி.மீ, அதாவது சீட்டின் மேல் 10 மி.மீ கனத்தில் தோல்! மயிர்க்கால் துளைகளும் பெரிதாகத் தெரியும். ஐடி கார்டு பிவிசியும் 0.76 மி.மீ, கனம் அதிகம், கிட் சிமெண்டுக்கும் (மாடல் ஒட்டும் பசை) சரியாகப் பிடிக்காது. ஆரணி வெள்ளி ஜரிகையைக் கம்பியில் சுற்றினால் தூரத்துக்கு ஸ்டீல் பின்னல் ஹோஸ் மாதிரி இருக்கும், கிட்டத்தில் ஸ்பிரிங்தான். 0.25, 0.5 மி.மீ ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட்டை மட்டும் ஆன்லைனில் வரவழைத்துவிடுங்கள்.

ஃபெவிக்விக்கை டியூபிலிருந்து நேராக விடாமல் ஊசி முனையில் தொட்டு வையுங்கள். அதிகமானால் பெயின்ட்டின் மேல் வெள்ளைப் படலம் பூக்கும். கத்திரி வெயிலில், நடுப்பகலில் லாக்கர் ஸ்ப்ரே அடித்தால் துளிகள் காற்றிலேயே காய்ந்து மேற்பரப்பு சொரசொரத்துவிடும். விடியற்காலையில் அடித்து, முழுதாகக் காயவிட்டு, வயர்களை அதன் பிறகு கோத்துக்கொள்ளுங்கள்.