ப்ளூஸ்கை: உயிர்மெய்யை ஒரே எழுத்தாக எண்ணும் தளம்

‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும். எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தின் கணக்கில் ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. அதைப் போன்ற இன்னொரு சமூக வலைத்தளமான ப்ளூஸ்கையோ பிள்ளையின் பக்கம். ‘கொடுக்கிறார்கள்’ என்பது எக்ஸில் 15, ப்ளூஸ்கையில் 8. எக்ஸின் இலவசக் கணக்கில் கிடைக்கும் 280, தமிழுக்கு வரும்போது 170 எழுத்துப் பக்கம் சுருங்கிவிடுகிறது. ப்ளூஸ்கையின் 300 என்பது நிஜமாகவே 300 எழுத்து. பின்னணியில் 3,000 பைட் (கணினி தரவை அளக்கும் அலகு) என்று இன்னொரு வரம்பும் உண்டு. தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் போனாலும் 300 எழுத்து பெரும்பாலும் 1,500 பைட்டுக்குள் அடங்கிவிடும், அதனால் அது இடிக்காது. குறள் ஒன்றைப் போட்டு அதற்கு உரையும் எழுத இடம் மிஞ்சுகிறது.

2019இல் ட்விட்டரின் தலைவராக இருந்த ஜாக் டோர்சி அறிவித்த திட்டம் இது. பிறகு தனி நிறுவனமாகப் பிரிந்தது. அழைப்பு இருந்தால்தான் நுழைய முடியும் என்றிருந்த கதவை 2024 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் கணக்குகள் 2 கோடியைத் தாண்டின.

புதிதாக வருகிறவர்களில் பலர் முதல் நாளே சலித்துப்போவதற்குக் காரணம் எளிது: யாரையும் ஃபாலோ செய்யாத டைம்லைன் காலியாகத்தான் கிடக்கும். தளமே பதிவுகளைத் தேர்ந்து காட்டும் ‘டிஸ்கவர்’ ஃபீட் ஏதோ பரிமாறும், ஆனால் பெரும்பாலும் அமெரிக்க அரசியலும் பூனையும்தான். முதல் ஒரு மணி நேரத்தை ஸ்டார்ட்டர் பேக்குகளில் செலவிடுங்கள். ஒருவர் தொகுத்த பட்டியல் அது, 150 பேர் வரை இருப்பார்கள். எல்லோரையும் மொத்தமாக ஃபாலோ செய்யும் பொத்தானை மட்டும் அவசரத்தில் அழுத்த வேண்டாம். பேசுவதை நிறுத்தி மாதக்கணக்கானவர்களும் அதில் இருப்பார்கள், மூச்சுவிடாமல் பேசுகிறவர்களும் இருப்பார்கள். பத்துப் பத்தாகச் சேர்ப்பதே நல்லது.

ஆட்கள் சேர்ந்தபின் ‘ஃபாலோயிங்’ ஃபீட் நேர வரிசையில் ஓடும். எதையும் மேலே தூக்கிப் போடாது. பதில்களும் ரிப்போஸ்ட்டுகளும் (பிறர் பதிவை மறுபடி பகிர்வது) கசகசவென்று தெரிந்தால் செட்டிங்ஸில் அவற்றைத் தனித்தனியாக அணைக்கலாம். இந்தத் தளத்தின் உண்மையான ருசி, பயனர்களே செய்து வெளியிடும் ஃபீட்களில் இருக்கிறது. பறவைப் படங்கள் மட்டும், வானியல் மட்டும், நீங்கள் ஃபாலோ செய்கிறவர்களில் அபூர்வமாகப் பேசுகிறவர்கள் மட்டும் என்று வேண்டியதைத் தேடி ‘பின்’ (pin) செய்துகொண்டால், முகப்பின் மேலே தாவல்களாக வந்து நிற்கும்.

தமிழில் எழுதுகிறவர்கள் தவறவிடும் இடம் மொழிப் பொத்தான். பதிவு எழுதும் பெட்டியின் கீழே இருக்கிறது. அதில் ஆங்கிலம் என்று இருந்தால், நீங்கள் எழுதிய தமிழும் ஆங்கிலப் பதிவாகவே முத்திரை குத்தப்பட்டுப் போகலாம். தமிழை மட்டும் வடிகட்டி வைத்திருப்பவரின் டிஸ்கவரில் அது வராது, ஆங்கிலம் மட்டும் வேண்டும் என்றவரிடம் போய் நிற்கும். தமிழ்க் கூட்டம் ஏற்கனவே மெலிவாக இருக்கும் இடத்தில் இது வீண் நஷ்டம். ஒருமுறை தமிழுக்கு மாற்றினால் அடுத்த பதிவுக்கும் அதுவே நிற்கும்.

வேண்டாத சொல் வரும் பதிவுகளை மறைக்க அந்தச் சொல்லை மியூட் செய்வதிலும் நம் மொழிக்கு ஒரு சிக்கல். இடைவெளிக்கு இடைவெளி முழுச் சொல்லாகத்தான் ஒப்பிடுகிறது. ‘தேர்தல்’ என்று போட்டால் ‘தேர்தலில்’, ‘தேர்தலுக்கு’, ‘தேர்தலை’ எல்லாம் தாராளமாக உள்ளே வரும். வேற்றுமை உருபு ஒட்டிய வடிவங்களையும் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். இரண்டு வாரச் சத்தத்துக்காக நிரந்தரமாக அடைக்க வேண்டியதில்லை. 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று கெடுவும் வைக்கலாம்.

சொந்த இணைய முகவரி இருப்பவர்கள் அதையே பயனர் பெயராக்கலாம். எக்ஸில் போல நீல டிக்குக்குக் காசு கட்டாமலே, கணக்கு உங்களுடையதுதான் என்பதற்கு அதுவே சான்று. பயனர் பெயரை மாற்றும் திரையில் ப்ளூஸ்கை காட்டும் பெயரையும் மதிப்பையும் உங்கள் டிஎன்எஸ் பலகத்தில் (இணைய முகவரியின் அமைப்புகளை மாற்றும் பக்கம்) டிஎக்ஸ்டி (TXT) என்ற வகைப் பதிவாகச் சேர்க்க வேண்டும், அவ்வளவே. சரிபார்ப்பு தோற்றால் முதலில் பெயர்க் கட்டத்தைப் பாருங்கள். பல பலகங்கள் முகவரியைத் தாமாகவே பின்னால் ஒட்டிக்கொள்ளும். நீங்களும் முழுசாக ஒட்டினால் முகவரி இரண்டு முறை வந்து நிற்கும். முன்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்தால் சரியாகும்.

குறைகளும் சின்னவை அல்ல. போட்ட பதிவைத் திருத்த வழியில்லை. எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் அழித்து மறுபடி போட வேண்டும், வந்த லைக்குகளும் அதோடு போகும். நீங்கள் அனுமதித்தவர் மட்டும் பார்க்கும் பூட்டிய கணக்கு என்பதே கிடையாது. உள்நுழையாதவர்களுக்குக் காட்டாதே என்ற ஒரு செட்டிங் உண்டு, ஆனால் அது ப்ளூஸ்கை பதிவுகளைக் காட்டும் மற்ற செயலிகளுக்கு விடுக்கும் வேண்டுகோள்தான், தடை அல்ல. யாரை பிளாக் செய்தீர்கள் என்பதும் பொதுத் தரவு. வெளிக்கருவிகள் அதை எடுத்துக் காட்டிவிடும். உறவுக்காரரையோ மேலதிகாரியையோ ஒதுக்க வேண்டுமானால் மியூட் போதும், அது வெளியே தெரியாது.