கேன்சர் பாலிசியா, சூப்பர் டாப்-அப்பா?

ஏற்கெனவே 5 லட்சத்துக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் இருக்கிறது, புற்றுநோய்க்கென்று தனியாக எடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு.

எதற்குப் பணம்?
சூப்பர் டாப்-அப்: எந்த நோயானாலும், 5 லட்சத்தைத் தாண்டும் ஆஸ்பத்திரி பில்லுக்கு.
கேன்சர் பாலிசி: புற்றுநோய்க்கு மட்டும்.

எப்படி வரும்?
சூப்பர் டாப்-அப்: பில்லுக்குத் தக்கபடி.
கேன்சர் பாலிசி: நோய் உறுதியானதும் மொத்தமாக. ஆனால் முழுத்தொகையும் வந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். எல்ஐசி 2017-ல் கொண்டுவந்த கேன்சர் கவரில் ஆரம்பக் கட்டத்துக்கு 25 சதவீதம்தான். எடுத்த முதல் 180 நாளுக்குள் தெரியவந்தால் ஒன்றும் கிடையாது.

என்னைக் கேட்டால் சூப்பர் டாப்-அப்தான் முதலில். சரி, கேன்சர் பாலிசி வீணா? இல்லை. மூன்று வாரத்துக்கொரு முறை கீமோவுக்காக வெளியூரிலிருந்து சென்னை வந்து, அடையாறில் அறை எடுத்து, துணைக்கு வந்தவரும் சம்பளத்தை இழக்கும் செலவு எந்த பில்லிலும் வராது. லீவு போட்டால் வருமானம் நின்றுவிடும் சொந்தத் தொழில்காரர்களும், குடும்பத்தில் புற்றுநோய் வந்தவர்களும் இரண்டையும் எடுக்கலாம். அந்தக் குடும்ப விவரத்தை விண்ணப்பத்தில் மறைக்க வேண்டாம்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் இரண்டுக்கும் முன்னால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேருங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை, பிரீமியம் கட்ட வேண்டாம்.