கற்பாதை ஒருநாள் பந்தயமா, மூன்று வாரச் சுற்றா?

தொழில்முறைச் சாலை சைக்கிள் பந்தயத்தில் நுழையும் இளைஞர் விரைவிலேயே தீர்மானிக்க வேண்டிய கேள்வி இது.

தூரம்: கற்பாதைப் பந்தயங்களில் புகழ்பெற்ற, பிரான்சில் நடக்கும் பாரி–ரூபே ஒரே நாளில் ஏறத்தாழ 260 கிலோமீட்டர், அதில் ஏறக்குறைய 55 கிலோமீட்டர் கல் பாவிய பாதை. மூன்று வாரச் சுற்றான டூர் டி பிரான்ஸ், நாளுக்கு ஒன்றாக 21 கட்டங்களில் சுமார் 3,400 கிலோமீட்டர்.

உடல்வாகு: கற்பாதையில் 80 கிலோ எடையுள்ளவரும் வெல்லலாம், ஆல்ப்ஸ் ஏற்றத்திலோ ஒவ்வொரு கிலோவும் பகை என்பதால், சுற்றுப் பந்தயத்தை நாடுபவர் மாதக்கணக்கில் சோற்றை அளந்தே உண்ண வேண்டும். எனக்கென்னவோ மலையைவிட இதுவே கொடிய தண்டனையாகத் தோன்றுகிறது.

வாய்ப்பு: டூரில் எட்டுப் பேர் கொண்ட அணி பெரும்பாலும் ஒரே தலைவருக்காக உழைக்கிறது, மற்றவர்கள் அவருக்குத் துணைவர்களாகத் தண்ணீர்ப் புட்டி சுமந்து, காற்றுக்கு மறைப்பாக முன்னே ஓட்டுகிறார்கள். ஒருநாள் பந்தயத்தில் துணைவருக்கும் கதவு திறக்கும், ஆனால் ஒரு பஞ்சர் அன்றைய கணக்கையே முடித்துவிடும்.

வயது: ஸ்லோவேனிய வீரர் பொகாச்சர் 2020 டூரை 21 வயதில் வென்றார். நெடுங்காலம் துணைவராகவே ஓட்டிய மாத்யூ ஹேமன், கை எலும்பு முறிந்து ஆறே வாரங்களில், வீட்டுக்குள் பயிற்சி செய்து, 2016 பாரி–ரூபேயை 37 வயதில் வென்று, வெற்றியாளருக்குத் தரப்படும் கல் கோப்பையைத் தூக்கினார்.

இளமையிலேயே மலையேற்றத்தில் தனித்துத் தெரிபவருக்குச் சுற்று பொருந்தும். கனத்த உடலும் நீண்ட பொறுமையும் உள்ளவர் கற்பாதையைத் தேர்ந்தெடுக்கட்டும்.