ஈராசிரியர் பள்ளியில் ‘எண்ணும் எழுத்தும்’: ஒரு மதிப்புரை

கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. 2020-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, வகுப்பறையை முதன்முதலாகப் பார்த்தபோது இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டிருந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்ப 2022 ஜூனில் 1 முதல் 3 வகுப்புகளுக்கு வந்ததுதான், அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் தமிழ்நாடு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம். அடுத்த கல்வியாண்டில் 4, 5 வகுப்புகளுக்கும் நீண்டது. நாலைந்து ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் இதைப் பார்த்துவிட்டுப் பாராட்டுவது எளிது. இரண்டே ஆசிரியர்கள் உள்ள அரசுப் பள்ளியில்தான் அதன் பலமும் ஓட்டையும் தெரியும்.

பலத்தை முதலில் சொல்லிவிடலாம். பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல், என்ன படிக்கத் தெரியும் என்று பார்த்து, கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரிப்பது சரியான முடிவு. எழுத்தே தெரியாத மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புப் பாடத்தைக் கொடுத்தால், அது கரும்பலகையைப் பார்த்து முத்து முத்தாக எழுதும். எழுதியதைப் படிக்கச் சொன்னால் விழிக்கும். நோட்டு அழகாக இருந்தாலே படிப்பு வந்துவிட்டது என்று நம்பி ஏமாந்த பெற்றோர் ஏராளம். நிலை பிரித்ததும் இந்த ஏமாற்று பெருமளவு வெளிப்பட்டுவிடுகிறது.

சிக்கல் நேரத்தில். ஈராசிரியர் பள்ளியில் வழக்கமாக 1 முதல் 3 வரை ஒருவர், 4, 5 வகுப்புகளுக்குத் தலைமையாசிரியர். பாடவேளை 40 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், பாட்டு, கதை என்று பொதுச் செயல்பாட்டுக்கு 15 நிமிடம் போனால் மிச்சம் 25. மூன்று நிலைகளுக்கும் பங்கிட்டால் குழுவுக்கு 8 நிமிடம். ஒரு குழுவோடு ஆசிரியர் உட்காரும்போது மற்ற இரண்டும் பயிற்சி நூலைத் திறந்து தாங்களாகச் செய்ய வேண்டும். அரும்புப் பிள்ளைக்கு நூலில் உள்ள கட்டளையைப் படிக்கத் தெரியாதே! அதனால் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பக்கம் நிறையும், எழுத்து வராது. வண்ணம் மட்டும் நிறைந்த பயிற்சி நூலைப் பார்த்தால் காரணம் இதுதான்.

இதைச் சமாளிக்கும் ஆசிரியர்கள் சமமாகப் பங்கிடுவதில்லை. மலர்க் குழுவுக்கு ஒரே நிமிடத்தில் வேலையைச் சொல்லிவிடுவார்கள். மொட்டுக் குழுவை இருவர் இருவராக வாசிக்க விட்டுவிட்டு, மிச்ச நேரம் முழுவதையும் அரும்புக்குக் கொடுப்பார்கள். கையேடு வரிசையாகச் சொல்வதை இப்படிக் கலைத்துப் போடும் துணிவுள்ள பள்ளியில் ஒரே பருவத்தில் வித்தியாசம் தெரிகிறது.

தமிழில் பிள்ளைகள் தேங்கி நிற்கும் இடங்கள் இரண்டு. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்பதால் கெ, கே, கை வரிசை ஒன்று. கு, டு, து, மு என்று எழுத்துக்கு எழுத்து உருவம் மாறும் உகர வரிசை மற்றொன்று. க, கா, கி, கீ என்று ராகம் போட்டு ஒப்பிக்கும் பிள்ளையிடம் ‘மு’வை மட்டும் தொட்டுக் காட்டினால், மனசுக்குள் ம-விலிருந்து பாடிக்கொண்டு வந்து சேரும். வரிசையில் சொல்லிக் கொடுத்தாலும் கலைத்துக் கேட்க வேண்டும். பல வகுப்பறைகளில் இந்தக் கலைத்துக் கேட்கும் வேலைதான் விடுபடுகிறது.

கணக்கில் 42–17 கொடுத்துப் பாருங்கள். 35 என்று வந்தால் அதைக் கவனக்குறைவு என்று தள்ளாதீர்கள். 2-லிருந்து 7 போகாது என்பதால் 7-லிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது. கடன் வாங்குவதைக் கரும்பலகையிலேயே சொல்லிக் கொடுத்ததன் விளைவு இது. நாலு கட்டு ஈர்க்குச்சி, கட்டுக்குப் பத்து, உதிரி இரண்டு. ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றி உதிரியோடு சேர்த்தால் 12. அதில் 7 எடுத்தால் மிச்சம் 5. நிற்கும் மூன்று கட்டில் ஒன்றை எடுத்தால் 25. இதைப் பிள்ளை தன் கையால் பலமுறை செய்த பிறகு எண்ணில் எழுத வைத்தால் போதும்.

மதிப்பீட்டுக்கு வருவோம். 25 பிள்ளைகள், 3 பாடம், ஆளுக்கு 4 நிமிடம் என்றால் 300 நிமிடம். கிட்டத்தட்ட ஒரு முழுப் பள்ளி நாள். முடிவைக் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்யும்போது அது சுற்றிக்கொண்டே இருந்தால் இன்னும் போகும். அவ்வளவு செலவழித்து எடுத்த விவரத்தை வைத்து மறுநாள் குழு மாறுகிறதா என்று பாருங்கள். ஜூனில் அரும்பில் இருந்த பிள்ளை டிசம்பரிலும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தால், மதிப்பீடு சடங்காகிவிட்டது என்று அர்த்தம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை நூலிலும் இல்லை, பயிற்சியிலும் இல்லை. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். தலையை எண்ணினால் சரிதான், வகுப்பை எண்ணினால் ஐந்து. ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போன அன்று ஐந்து வகுப்பும் ஒரே ஆள் தலையில் விழுகிறது. அன்று நிலையாவது, குழுவாவது! அமைதியாக உட்கார வைத்தாலே பெரிய காரியம். எனவே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும் பெற்றோர் சுண்ணாம்பு, சுற்றுச்சுவர் பற்றிக் கேட்பதற்கு முன் இதைக் கேட்கலாம்: போன மாதம் எத்தனை நாள் பள்ளியில் ஓர் ஆசிரியர் மட்டும் இருந்தார், அந்த நாட்களுக்கு வட்டாரத்திலிருந்து மாற்று ஆள் கேட்கப்பட்டதா?